இரண்டு ஓட்டைக்கு நடுவில் ஒரு மணிக்கட்டு

போன வாரம் வேலூரில் ஒரு வாட்ச் கடை வாசலில் என்னைத் திருடி என்று நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினார்கள் என்றால் கையைப் பிடித்து இழுக்கவில்லை, மரியாதையாகத்தான். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு காலை வெளியே வைத்தேன். எங்கேயோ ஒன்று கீ கீ என்று கத்தியது. நீலச் சட்டைக் காவலாளி ஓடிவந்து, "மேடம், கையில வாட்சு" என்றார். குனிந்து பார்த்தேன். ஆமாம், என் இடது கையில் அவர்கள் கடை வாட்ச் ஒன்று சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, திருடும் எண்ணமெல்லாம் இல்லை. வருகிற தையில் என் மகளுக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் மேடையில் மாப்பிள்ளைக்குப் பெண்ணின் தம்பி வாட்ச் கட்டிவிட வேண்டும். அதற்காக லாங் பஜாரில் ஜாக்கெட் துணி எடுத்த கையோடு மகளையும் இழுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். ஏசி போட்ட கடை, அறை முழுக்க வெளிச்சம். விற்கிற பையன் சட்டையில் பெயர்ப் பட்டை குத்தியிருந்தான். ஸ்டீல் செயின் போட்ட வெளிநாட்டு வாட்ச் ஒன்றை வெல்வெட் துணியில் வைத்து, குழந்தையைத் தொட்டிலில் இருந்து எடுப்பதுபோல் எடுத்தான்.

"வெயில் ஏற ஏற கை கொஞ்சம் உப்பும் மேடம். இந்தப் பூட்டுல பக்கத்துல அமுக்கிட்டு லேசா இழுத்தீங்கன்னா ரெண்டு மில்லி தளரும். சாயங்காலம் திரும்ப உள்ள தள்ளிக்கலாம். ஒரு கருவியும் வேணாம்" என்றான்.

நான் அதை வாங்கி என் கையில் கட்டிக்கொண்டேன். அமுக்கினேன், இழுத்தேன், தள்ளினேன். அதற்குள் தையல்காரரிடமிருந்து போன் வந்தது. உள்ளே சிக்னல் சரியில்லை. ஜாக்கெட்டுக்குக் கொக்கி முன்பக்கமா பின்பக்கமா என்று பேசிக்கொண்டே வாசலுக்கு நடந்துவிட்டேன். பிறகு நடந்ததுதான் மேலே சொன்னது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சும்மா இல்லை, கதவில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன். மகளுக்கு முகம் சிவந்துபோனது. "அம்மா, மானம் போவுது. இன்னாத்துக்கு இப்பிடி சிரிக்கிற?" என்று காதோடு கடித்தாள். நான் உள்ளே போய் வாட்ச்சைக் கழற்றி வைத்து, இதையே கட்டிக் கொடு என்றேன். வேறு ஏதும் பார்க்கவில்லையா என்று பையன் கேட்டான். "வேணாம்பா, இது பாஸாயிடுச்சி" என்றேன். அவன் ஒன்றும் புரியாமல் தலையாட்டினான். உங்களுக்கும் புரியாது. புரிய வேண்டுமானால் என்னோடு ஆம்பூர் வரைக்கும் வர வேண்டும்.

பில் போடுகிற நேரத்தில் பக்கத்து மேஜையில் தோல் வார் போட்ட வாட்ச்சுகள் சில இருந்தன. ஒன்றை எடுத்து மூக்கில் வைத்தேன். தோல் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கெட்ட பழக்கம் போகாது. புதுச் செருப்பு, பை, பெல்ட், எதைக் கொடுத்தாலும் முதலில் மூக்குக்குத்தான். பளபளப்பு பூசின தோலில் கொஞ்சம் மெழுகு வாசனை, கொஞ்சம் கோந்து வாசனை, அடியில் மழைக்கு முந்தின மண்போல ஒன்று. அந்தக் கடைசி வாசனை வந்ததும் எனக்கு இருபத்தொரு வயது ஆகிவிட்டது.

அப்போது நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தேன். ஊர் நாட்றம்பள்ளிப் பக்கம். விடிந்ததும் பஸ், பொழுது சாய்ந்தால் பஸ். கோந்து பூசுகிற லைனில் முதலில் போட்டார்கள். ஷூவின் மேல்பகுதி வரும், ஓரத்தில் பூச வேண்டும், அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். நாள் முழுக்க நின்றபடி. கோந்து நெடியாவது பழகிவிடும், கால் பழகாது. சாயங்காலம் பாதம் இரண்டும் பன் மாதிரி உப்பி, செருப்பு மாட்ட முடியாமல் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவேன். ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிற பெண் வெறுங்காலோடு போகிறாள் என்று கண்டக்டர் கிண்டல் செய்வார்.

ஒரு வருஷம் அப்படிப் போன பிறகு மாடியில் புதிதாக ஒரு செக்‌ஷன் ஆரம்பித்தார்கள். வெளிநாட்டு வாட்ச் கம்பெனி ஒன்றுக்குத் தோல் வார் செய்து கொடுக்கிற வேலை. சோதனைக்குத்தான், நன்றாக வந்தால் பெரிய ஆர்டர். இருபத்திரண்டு பெண்களை எடுத்தார்கள். கடைசியாக எடுத்த ஆள் நான். மேலே போய்ப் பார்த்தால், நாற்காலி! முதுகு சாய்கிற நாற்காலி, ஆளுக்கு ஒன்று. மேஜையில் ஆளுக்கு ஒரு விளக்கு. முதல் நாள் உட்கார்ந்து அரைமணி நேரம் எனக்கு வேலையே ஓடவில்லை. உட்கார்ந்து சம்பளம் வாங்குவது தாசில்தார்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். லைனிங் துண்டுகளை அடைத்து ஒரு குஷன் தைத்துப் போட்டுக்கொண்டேன். அந்த நாற்காலியை விட்டு யாராவது என்னை எழுப்பினால் ஒரு கொலை விழும் என்று சகாயமேரியிடம் சொல்லியிருக்கிறேன். சகாயமேரி பக்கத்து நாற்காலி. பெரிய வாய், பெரிய மனசு.

வாட்ச் வார் பற்றி உங்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இரண்டு துண்டு. குட்டைத் துண்டில் பக்கிள், நீளத் துண்டில் வரிசையாக ஓட்டை. மேலே நல்ல தோல், உள்ளே கைபடுகிற பக்கம் மெல்லிய லைனிங். தைத்து, ஓரத்துக்குச் சாயம் தீட்டி, ஓட்டை போட்டு அனுப்ப வேண்டும். பார்க்க ஒன்றுமே இல்லாத வேலை. ஆனால் ஷூவில் ஒரு தையல் கோணினால் மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும், வாட்ச் வாரில் கோணினால் நாளைக்கு நூறு தரம் கண் முன்னால் வரும். அதனால் எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கீழே லைனில் இருக்கிறவர்கள் எங்களை 'மாடி வீட்டு மருமகள்கள்' என்று கூப்பிடுவார்கள்.

மாடிக்கு ராஜா கரீம் பாய். பேட்டர்ன் மாஸ்டர். அளவு எடுப்பது, வெட்டுவது, அச்சு செய்வது எல்லாம் அவர். பொழுதெல்லாம் ஷூவிலேயே ஊறின மனிதர். ஷூ தைக்க ஒரு கால் கட்டை வைப்பார்கள் இல்லையா, அதுபோல வாட்ச்சுக்கும் ஒரு கை வேண்டும் என்று மரத்தில் மணிக்கட்டு ஒன்றைக் கடைந்து, பாலிஷ் போட்டு, மேஜை நடுவில் நிறுத்தியிருந்தார். எந்த வாராக இருந்தாலும் அதில் கட்டிப் பார்த்து, "ம், சரியா உக்காருது" என்று சொன்னால்தான் அடுத்த வேலை. மேரி அந்தக் கட்டைக்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்தாள். தினமும் வாட்ச் கட்டிக்கொள்கிறான், ஒரு நாளும் தாலி கட்டுவதில்லை என்பாள்.

இன்னொரு விஷயம், இதைக் கவனமாகக் கேளுங்கள். செக்‌ஷன் கதவில் ஒரு பலகை தொங்கும். உள்ளே வருகிறவர்கள் கையில் வாட்ச், மோதிரம், வளையல் எதுவும் இருக்கக் கூடாது. தோலில் கீறல் விழுந்துவிடும் என்று அந்தச் சட்டம். காலையில் கேட்டுக்குள் வந்ததும் குழாயடியில் வளையலைக் கழற்றி டிபன் பைக்குள் போட்டுக்கொள்வோம், சாயங்காலம் போகும்போது திரும்ப ஏற்றிக்கொள்வோம். வாட்ச் என்ற ஒன்று எங்கள் யாரிடமும் கிடையாது. வாட்ச் வைத்திருந்த மேனேஜரும் மாடிக்கு வரும்போது கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் வருவார். ஆக, நாள் முழுக்க வாட்ச் வார் செய்கிற ஒரு செக்‌ஷனில் நாள் முழுக்க வாட்ச் கட்டிப் பார்த்த ஒரு ஜீவன் இல்லை. இந்த அழகு அப்போது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

முதல் மாதிரி வார் வாட்ச் கம்பெனிக்குப் போய், திரும்பி வந்தது. கூடவே ஒரு காகிதம். மேனேஜர் படித்துச் சொன்னார்: காலையில் தொளதொள, சாயங்காலம் கடிக்கிறதாம். கரீம் பாய் மாப்பிள்ளைக் கையில் கட்டிப் பார்த்தார். கச்சிதமாக இருந்தது. லைனிங் முரட்டுத்தனமாக இருக்கும் என்று அதை மாற்றினார். இரண்டாவது மாதிரியும் போய்த் திரும்பி வந்தது, அதே வாசகத்தோடு. பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "புதுத் தோல் கடிக்கத்தான் செய்யும். போடப் போட விரிஞ்சி குடுக்கும். அவங்களுக்குப் பொறுமை கம்மி" என்றார். ஷூவுக்கு அது வேதவாக்கு. புது ஷூ முதல் வாரம் கடிக்கும், பிறகு கால் சொன்னபடி கேட்கும். அதையே கைக்கும் சொன்னார். நாங்களும் தலையை ஆட்டினோம்.

மூன்றாம் தடவை மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். வாட்ச் கம்பெனியிலிருந்து ஒரு அம்மாவே நேரில் வருகிறார், அடுத்த மாதம், நல்ல வெயிலில். அன்றைக்கு மாதிரி பாஸாகவில்லை என்றால் செக்‌ஷனை மூடிவிடுவார்கள். முன்னால் சேர்ந்தவர்கள் திரும்பக் கீழே லைனுக்குப் போகலாம், கடைசியில் சேர்ந்தவர்களுக்கு இடம் இருந்தால் பார்க்கலாம். 'கடைசியில்' என்று சொல்லும்போது அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். நல்ல மனிதர். நாற்காலி போய்விடும் என்பது ஒரு பக்கம், நின்று வேலை பார்க்கிற இடம்கூட இல்லாமல் வீட்டுக்குப் போகணுமே என்பது இன்னொரு பக்கம். அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் குழாயடியில் வளையல் ஏற்றிக்கொண்டிருந்தேன். யோசனை எங்கேயோ. ஒன்று படக்கென்று உடைந்து கையைக் கிழித்துவிட்டது. சோப்பு போட்டு ஏற்றணும் என்று மேரி திட்டினாள். "காலையில வழுக்கிக்கினு கழண்டுச்சி இல்ல, இப்ப ஏற மாட்டேங்குது பாரு. உன் கை இன்னா பிரியாணி சாப்டுச்சா?" என்றாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். ரத்தம் சொட்டுகிறது, மேரி கைக்குட்டையைத் தேடுகிறாள், நான் அசையவில்லை. காலையில் கழன்ற வளையல் சாயங்காலம் ஏறுவதில்லை. எனக்கு மட்டுமா? குழாயடியில் ஒரு சோப்புக் கட்டியே எதற்கு வைத்திருந்தோம்? இருபத்திரண்டு பேரும் தினம் தினம் சோப்பு போட்டுத்தானே ஏற்றுகிறோம். வெயிலில், வேலையில், கை உப்புகிறது. இது எங்கள் எல்லோர் கைக்கும் தெரியும், ஒருத்தர் மண்டைக்கும் எட்டவில்லை. கைப்புண்ணுக்குக் கண்ணாடி தேடின கதை.

மறுநாள் காலையில் நேராகப் பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் மாப்பிள்ளைக் கையைத் தட்டிக் காட்டி, இதில் சரியாக உட்காருகிறதே என்றார். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, "கட்டைக்கு வேர்க்காது பாய்" என்று சொல்லிவிட்டேன். செக்‌ஷனே திரும்பிப் பார்த்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், என்னைத் தாண்டிப் போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் சொன்னது தப்பில்லை, எல்லோர் முன்னாலும் சொன்னது தப்பு. அதை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுருங்குகிறது.

ஆனால் எனக்கு நாற்காலி முக்கியம். மேனேஜரிடம் போனேன். ஆளுக்கு ஒரு வார் கொடுங்கள், சனி ஞாயிறு கட்டிக்கொண்டிருக்கிறோம், திங்கள் காலை திருப்பித் தந்துவிடுகிறோம் என்றேன். அவர் நெற்றியைச் சொறிந்தார். காரணம் உண்டு. எங்கள் ஊரில் தோல் கம்பெனி கேட்டில் சாமி வந்தாலும் சோதனை உண்டு. கேட் பாஸ் இல்லாமல் ஒரு தோல் தும்பு வெளியே போகாது. எங்கள் கேட்டில் ருக்குமணியக்கா உட்கார்ந்திருப்பார். டிபன் பாக்ஸைத் திறந்து சாதத்தையே ஒரு பார்வை பார்ப்பார். முதலாளி மகன் ஒரு தரம் பெல்ட் ஒன்றை எடுத்துப் போனபோது அவரையே காரிலிருந்து இறக்கிப் பாஸ் எழுத வைத்தவர். கடைசியில் மேனேஜர் இருபத்திரண்டு கேட் பாஸ் எழுதினார். ருக்குமணியக்கா ஒவ்வொரு கையாகத் தூக்கிப் பார்த்து வெளியே விட்டார்.

வாரில் வாட்ச் இல்லை. வாட்ச் இருக்க வேண்டிய இடத்தில் கனத்துக்காக ஒரு பித்தளை வில்லை. அதைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். முன் சீட்டுக்காரர் திரும்பி, "மணி இன்னாமா?" என்று கேட்டார். நான் முழித்தேன். மேரி கையை ஒயிலாகத் திருப்பி, மொட்டைப் பித்தளையை உற்றுப் பார்த்து, "அஞ்சே முக்கால்" என்றாள். அவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் திருகிச் சரிசெய்துகொண்டார். நாங்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இறங்குகிற வரைக்கும் குலுங்கினோம். அந்த மனிதர் எந்த ரயிலை விட்டாரோ, பாவம்.

எல்லோருக்கும் ஒரே வேலைதான் சொல்லியிருந்தேன். கை எப்போது இறுக்கமாகவோ தளர்வாகவோ தோன்றுகிறதோ, அப்போது பக்கிள் முள் எங்கே இருந்தால் சுகம் என்று பார்த்து, அந்த இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அவ்வளவுதான். மேரி கோயிலில் பாட்டுப் பாடும்போது கட்டியிருந்தாள். ஒருத்தி நாற்று நட்டாள், ஒருத்தி துணி துவைத்தாள். நான் மாவரைத்தேன். ஒருத்தி கல்யாண வீட்டில் அண்டா முன்னால் நாள் முழுக்க நின்றாள்.

திங்கட்கிழமை காலையில் ருக்குமணியக்கா இருபத்திரண்டையும் எண்ணி உள்ளே விட்டார். மேஜையில் வரிசையாகப் பரப்பினோம். கரீம் பாய் தள்ளி நின்றார். பிறகு நெருங்கினார். குனிந்தார். ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே கடைசி வரைக்கும் போனார், திரும்ப முதலில் இருந்து வந்தார். எல்லாப் புள்ளியும் இரண்டு ஓட்டைக்கு நடுவில் இருந்தது. இந்த ஓட்டையில் போட்டால் தொளதொள, அந்த ஓட்டையில் போட்டால் கடி. கை நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது.

"ஒருத்திகூட ஓட்டை மேல வைக்கலியே" என்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அச்சு செருப்புதும்மா" என்றார்.

விஷயம் இதுதான். ஓட்டை போடுகிற அச்சைப் புதிதாகச் செய்யாமல், சாண்டல் செருப்பு வாருக்கு வைத்திருந்த பழைய அச்சையே எடுத்துப் போட்டிருந்தார். அதில் ஓட்டைக்கு ஓட்டை இடைவெளி ஜாஸ்தி. காலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, கைக்குத் தெரிந்துவிட்டது. தன் தப்பை இருபத்திரண்டு பெண்கள் முன்னால் அவரே எடுத்துச் சொன்னார் பாருங்கள், அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை. நானும் அன்று பேசினதற்கு மன்னிப்புக் கேட்டேன். "வேர்க்காதுன்னு சொன்னியே, அது நெஜம்தானே" என்று சிரித்துவிட்டார்.

பேஜார் அதோடு தீரவில்லை. ஓட்டைகளை நெருக்கிப் போட்டதும், இழுத்துப் பார்த்தால் நடுவில் தோல் கிழிந்தது. மேரி தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்கும் முகம் தொங்கிப்போனது. அப்போதுதான் பாயின் ஷூ மூளை எங்களைக் காப்பாற்றியது. ஷூவின் வாய் ஓரம் விரிந்துபோகாமல் இருக்க உள்ளே மெல்லிசாக ஒரு நாடா வைத்துத் தைப்பார்கள், வெளியே தெரியாது. அந்த நாடாவைக் கீழே லைனில் இருந்து வாங்கி வந்து, வாருக்குள் தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவில் வைத்தார். ஓட்டையையும் பொடிசாக்கி, அதற்கேற்ற மெல்லிய முள் வைத்த பக்கிள் தேடிப் பிடித்தார். இழுத்தார். மேரியையும் இழுக்கச் சொன்னார். வார் அசையவில்லை. செக்‌ஷனே கைதட்டியது. கெடுத்ததும் ஷூ, கொடுத்ததும் ஷூ.

அந்த அம்மா வந்தார். நெட்டையாக, வெளுப்பாக, காலையிலேயே மூக்கு நுனி சிவந்திருந்தது. நாங்கள் துரைசாணி என்றே பேசிக்கொண்டோம். தன் வாட்ச்சிலேயே எங்கள் வாரை மாட்டச் சொன்னார். கரீம் பாய் மாட்டிக் கொடுக்க, அவரே கட்டிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கம்பெனி முழுக்கச் சுற்றினார். தோல் காய்கிற முற்றம், வெட்டுகிற இடம், லைன், கிடங்கு. ஆம்பூர் வெயில், சொல்லணுமா? மேனேஜரே துவண்டுவிட்டார்.

மத்தியானம் கீழே சாப்பாடு. பிரியாணி வந்தது. நானும் மேரியும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் படிக்கட்டில் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மேனேஜரிடம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தவர், பேச்சை நிறுத்தாமல், குனிந்துகூடப் பார்க்காமல், கரண்டியை வைத்து வலது கையால் பக்கிளைத் தளர்த்தி ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுக்கொண்டு, அடுத்த வாயை எடுத்துவிட்டார். மேரி என் முதுகில் கிள்ளின கிள்ளு இரண்டு நாள் சிவந்திருந்தது.

ஆனால் சாயங்காலம் வரைக்கும் அந்த அம்மா நல்லது கெட்டது ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாடிக்கு வந்து மற்ற வார்களைப் புரட்டினார், வளைத்தார், நோட்டில் எழுதினார். புருவம் சுருங்கியே இருந்தது. எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். மேனேஜரைப் பார்த்தோம், அவர் உதட்டைப் பிதுக்கினார். யோசித்துச் சொல்கிறேன் என்றாராம். யோசித்துச் சொல்கிறேன் என்பதற்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். பெண் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்பது மாதிரி. நான் நாற்காலியில் இருந்து குஷனை எடுத்துப் பைக்குள் திணித்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் திணித்தேன், பொய் சொல்வானேன்.

கீழே கேட்டில் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு ஓடினோம். கார் கேட்டில் நிற்கிறது. முன்னால் ருக்குமணியக்கா, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு.

"கையில நம்ம தோல் இருக்குது. பாஸ் எங்க?"

டிரைவர் ஹாரன் அடித்தார். அக்கா நகரவில்லை. மேனேஜர் செருப்புக்கூட மாட்டாமல் ஓடினார். பின் கதவு திறந்தது. துரைசாணி இறங்கி, என்ன என்று கேட்டார். ருக்குமணியக்கா தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். அந்த அம்மா தன் கையைப் பார்த்தார். பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டார், அப்புறம் சிரித்தார் பாருங்கள், மாடி வரைக்கும் கேட்டது. திருப்பிக் கொடுக்க வேண்டிய மாதிரி வார் கையில் இருக்கிறதே அவருக்கு மறந்துபோயிருக்கிறது. காலையில் இருந்து சாயங்காலம் வரைக்கும், அந்த வெயிலில், ஓட்டை மாற்றிப் போட்டதைக்கூடக் கை செய்ததே தவிர, மனசுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

காரை விட்டுவிட்டு நடந்தே திரும்ப மாடிக்கு வந்தார். கரீம் பாயின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேனேஜர் மூச்சு வாங்கிக்கொண்டே எங்களுக்குச் சொன்னார்: "கட்டியிருக்கறதே மறந்துட்டாங்களாம். இதுக்கு மேல ஒரு டெஸ்ட் இல்லன்றாங்க. பாஸ்!"

நாங்கள் போட்ட கூச்சலில் கீழே லைன் நின்றுவிட்டது. மேரி மாப்பிள்ளைக் கட்டையைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். நான் அழுதுகொண்டே குஷனை வெளியே எடுத்து, தட்டி, நாற்காலியில் போட்டு, அதன்மேல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். ஒரு ராணி உட்காருகிற மாதிரி என்று மேரி ரொம்ப நாள் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் மேனேஜர் கேட் பாஸ் எழுதினார். தோல் வார், ஒன்று. காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் 'மறதி' என்று எழுதினார். ருக்குமணியக்கா அதைப் படித்து, பாதியைக் கிழித்து வைத்துக்கொண்ட பிறகுதான் கார் போயிற்று.

அந்த நாற்காலியில் நான் பல வருஷம் உட்கார்ந்தேன். கல்யாணம் ஆகி வந்தும் உட்கார்ந்தேன், மகள் பிறந்து ஆறு மாதத்தில் திரும்பி வந்தும் உட்கார்ந்தேன். பிறகு செக்கர் ஆனேன், சூப்பர்வைசர் ஆனேன். புது வார் எது வந்தாலும் கேட் பாஸ் போட்டு வீட்டுக்கு அனுப்பிப் புள்ளி வைக்கச் சொல்வது எங்கள் செக்‌ஷன் பழக்கமாகவே ஆகிவிட்டது.

இப்போது அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கம்பெனி ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. பழைய கட்டடத்தை இடித்துச் சமன் செய்து, லாரி நிறுத்துகிறார்கள். குழாயடி போயிற்று, சோப்புக் கட்டி போயிற்று. கரீம் பாய் காலமாகிவிட்டார். மாப்பிள்ளைக் கட்டையை அவர் கடைசியில் சாவி மாட்டத்தான் வைத்திருந்தார், அது யார் வீட்டில் இருக்கிறதோ. பஸ்ஸில் யாரும் யாரிடமும் மணி கேட்பதில்லை, எல்லோர் கையிலும் போன். எங்கள் ஓட்டைக்கும் வேலை இல்லை. இந்தப் புதுப் பூட்டு அமுக்கினால் தளர்கிறது, தள்ளினால் இறுகுகிறது. செய்தவர் யாரோ, அவர் ஊரிலும் ஒருத்தி சோப்பு போட்டு வளையல் ஏற்றியிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது.

வேலூரில் இருந்து திரும்புகிற பஸ்ஸிலேயே மேரிக்குப் போன் போட்டேன். அவள் இப்போது மகனோடு ஆற்காட்டில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு வாட்ச் எடுத்தாயிற்று என்று ஆரம்பித்து, பூட்டு, பட்டன், தையல்காரர், போன், கண்ணாடிக் கதவு எல்லாம் சொல்லி முடித்தேன். "இத்தினி வருசம் கழிச்சி என்னியும் கேட்ல நிறுத்திட்டாங்கடி" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு செருமல். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

"நிறுத்தாம இன்னா பண்ணுவாங்க?" என்றாள் மேரி. "பாஸ் வச்சிருந்தியா நீ?"